கல்லூரி மனநல ஆலோசகரை முதன்முறையாகச் சந்திக்கப் போகும் மாணவருக்கு

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய நாள் வயிற்றைப் பிசைவதும், வைவா அறைக்கு வெளியே உள்ளங்கை வியர்ப்பதும் நோய் அல்ல. தேர்வு முடிந்ததும் தாமாக அடங்கிவிடும். விடுமுறைக்கு ஊருக்குப் போன பிறகும் தூக்கம் வராமல் புரள்வது, அரியர் தாளை நினைத்தாலே நெஞ்சு படபடப்பது, வகுப்புக்குப் போகாமல் விடுதி அறையிலேயே முடங்குவது என்று வாரக்கணக்கில் நீடித்தால், ஆலோசகரைப் பார்க்க அதுவே போதுமான காரணம்.

யாரிடம் போகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் குழு ஒவ்வொன்றுக்கும் ஒரு மென்டார், அதாவது வழிகாட்டி ஆசிரியர், இருப்பார். பெரும்பாலும் அவர்தான் உங்களுக்குப் பாடம் நடத்துபவர், இன்டர்னல் மதிப்பெண் போடுபவரும் அவரே. வருகைப்பதிவு குறைந்ததற்கு விளக்கம் சொல்ல அவர் உதவுவார். மனத்தில் உள்ளதைக் கொட்டுவதற்கு உரியவர், உளவியலோ மனநலச் சமூகப்பணியோ முறையாகப் படித்த ஆலோசகர். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் நிறுவனங்கள் தகுதி பெற்ற ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியிருப்பதால், "நம் கல்லூரியில் ஆலோசகர் யார்?" என்று அலுவலகத்தில் கேட்பது சலுகை கேட்பதாகாது.

போவதற்கு முன் ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்ளுங்கள். "டென்ஷனாக இருக்கிறது" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை இரவு மூன்று மணி வரை தூக்கமில்லை, காலையில் லேப் வாசலில் மூச்சு முட்டியது, திரும்பி அறைக்கே வந்துவிட்டேன்" என்று இருந்தால் அவருக்கு விளங்கும். எத்தனை டீ, காபி குடிக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். படபடப்பில் அவற்றுக்கும் பங்கு இருக்கக்கூடும்.

பலரைத் தடுப்பது "வீட்டுக்குச் சொல்லிவிடுவார்களோ, துறைத்தலைவர் காதுக்குப் போய்விடுமோ" என்ற அச்சம்தான், கிசுகிசு வேகமாகப் பரவும் வளாகங்களில் அது வீண் அச்சமும் அல்ல. எனவே உட்கார்ந்ததும், நான் சொல்வது யாருக்கெல்லாம் தெரியும், குறிப்புகள் யாரிடம் இருக்கும் என்று நேரடியாகக் கேளுங்கள். மனநலச் சிகிச்சை பற்றிய தகவல்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தந்திருக்கிறது; உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும் பிறருக்குச் சொல்ல நேரலாம். நல்ல ஆலோசகர் இந்த விதிவிலக்குகளைத் தாமே முதலில் சொல்லிவிடுவார்.

ஆலோசகர் மருந்து எழுத மாட்டார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்; அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அதற்குப் புறநோயாளிப் பிரிவு உண்டு. பதற்றத்துக்குத் தரும் சில மருந்துகள் பலன் காட்டவே சில வாரங்கள் ஆகும் என்பதால், இரண்டு நாளில் நிறுத்திவிடாதீர்கள். அறைத்தோழரின் தூக்க மாத்திரையைக் கடன் வாங்காதீர்கள்.

ஆலோசகர் அறை மாலையோடு பூட்டப்பட்டுவிடும்; பதற்றம் பெரும்பாலும் இரவில்தான் வருகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்த்தால் தனியே இருக்காமல் பக்கத்துக் கட்டிலில் உள்ளவரை எழுப்புங்கள். பேச நா எழவில்லை என்றால், எழுதி வைத்த அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள்.