மருந்து ஆய்வின் முடிவை எவ்வளவு கழித்துக்கொண்டு நம்புவது?

மருத்துவ ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்ததும் நேராக முடிவுரைக்கு ஓடாதீர்கள். 'முறைகள்' பகுதியைப் படியுங்கள், சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் பலன் எங்கே ஊதிப் பெருத்தது என்பது அங்கேதான் தெரியும். சார்பு, அதாவது முடிவை ஒரு பக்கமாகச் சாய்க்கும் கோளாறு, இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் 'கொஞ்சம் இருக்கிறது' என்றுதான் எப்போதும் பதில் வரும். அது முடிவை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கும் என்று கேளுங்கள்.

முதலில் நோயாளிகளை மருந்துக் குழு, ஒப்பீட்டுக் குழு என்று பிரித்த விதம். குலுக்கிப் பிரித்தோம் என்று எழுதியிருந்தால் போதாது. அடுத்து வருபவர் எந்தக் குழு என்று சொல்லும் குலுக்கல் சீட்டு என்னவென்று ஆள் சேர்க்கும் மருத்துவருக்கு முன்பே தெரிய வழியிருந்ததா? தெரிந்தால், மருந்துக் குழுவுக்கான சீட்டு வரும்போது கொஞ்சம் தெம்பானவரைச் சேர்த்துவிட்டு, ரொம்ப முடியாதவரை 'அடுத்த வாரம் வாங்க' என்று அனுப்பிவிடலாம். கெட்ட எண்ணமே தேவையில்லை. 1995-இல் கென்னத் ஷூல்ஸ் குழு 250 ஆய்வுகளை அலசியதில், சீட்டைச் சரியாக மறைக்காதவற்றில் பலன் ஆட்ஸ் ரேஷியோ (ஒரு விளைவு நேர்வதற்கும் நேராததற்கும் உள்ள விகிதத்தை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் எண்) கணக்கில் சராசரியாக 41 சதவீதம் மிகையாகத் தெரிந்தது.

அப்புறம், யாருக்கு எது கொடுத்தார்கள் என்று யாருக்கெல்லாம் தெரியும்? சிறுநீரக ரத்தக் குழாயை ஒட்டிய நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த சிம்ப்ளிசிட்டி 2 ஆய்வில், ஆறு மாதத்தில் மேல் அழுத்தம் 32 புள்ளி இறங்கியது. 2014-இல் வந்த சிம்ப்ளிசிட்டி 3-இல் ஒப்பீட்டுக் குழுவுக்கும் குழாயைச் செருகிப் படம் எடுத்தார்கள், நரம்பை மட்டும் தொடவில்லை, யார் எந்தக் குழு என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 புள்ளி இறங்கியது, சும்மா குழாய் செருகியவர்களுக்கும் ஏறக்குறைய 12. சிகிச்சையே பொய் என்றில்லை, பின்னால் வந்த இதே மாதிரி ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்தது. ஆனால் அது 32-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

எதை அளந்தார்கள் என்பதையும் சேர்த்தே பாருங்கள். மரணத்தை யாரும் ஆசைப்பட்டு மாற்றி எழுத முடியாது, வலி எவ்வளவு என்பதற்குச் சொல்லும் மதிப்பெண்ணை அறியாமலே மாற்றலாம். மருந்து தெரிந்தே நடந்த ஆய்வில் வலி குறைந்தது என்றால் நான் நிறையவே கழித்துக்கொள்வேன்.

'மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களை மட்டும் கணக்கிட்டோம்' என்று எங்காவது வந்தால் உஷார். மாரடைப்பு வந்தவர்களிடம் நடந்த கொரோனரி டிரக் புராஜெக்ட் ஆய்வில், வெறும் பிளாசிபோவை ஒழுங்காக விழுங்கியவர்களில் ஐந்து ஆண்டில் 15 சதவீதம் பேர் இறந்தார்கள், ஒழுங்காக விழுங்காதவர்களில் 28 சதவீதம். மருந்தே இல்லாத மாத்திரைக்கு இவ்வளவு 'பலன்'! ஒழுங்காக விழுங்குகிறவர் வேறு விதத்திலும் வித்தியாசமானவர். அதனால் குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அங்கேயே வைத்து எண்ணிய கணக்கைத் தேடுங்கள்.

கடைசியாக, கிளினிக்கல்ட்ரையல்ஸ்.கவ் போன்ற பதிவேட்டில் ஆய்வின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் அளப்பதாகச் சொன்ன முதன்மை அளவீடும் (மருந்து வேலை செய்ததா என்று முக்கியமாக எதை வைத்துத் தீர்மானிக்கிறார்களோ அது) கட்டுரையில் இருப்பதும் ஒன்றுதானா? மாறியிருந்து காரணமும் சொல்லவில்லை என்றால், அந்தக் கட்டுரையை நான் அங்கேயே மூடிவிடுவேன்.