‘நல்ல இடம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடாதீர்கள்

சிங்கப்பூர் ஏன் முன்னேறியது என்று துணைப்பாட வகுப்பில் கேட்டால், பாதிப் பிள்ளைகளிடமிருந்து ஒரே வரிதான் வரும்: “மலாக்கா நீரிணையின் வாயிலில் இருக்கிறது, அதனால்.” வரி சரிதான். அந்த ‘அதனால்’தான் இடிக்கிறது.

அதே கடல்வழி இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்கும் இருக்கிறது. இங்கே ஹார்பர்ஃபிரண்ட் படகுத்துறையில் படகேறினால் ஒரு மணி நேரம்தான். எதிர்க்கரையில் மலேசியாவின் ஜோகூருக்கும் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராய் வணிகர்கள் குவிந்த மலாக்காவுக்கு இன்று நாம் வார இறுதியில் சுற்றிப்பார்க்கப் போகிறோம். காவிரிப்பூம்பட்டினத்தின் கதை தமிழருக்குச் சொல்லவே வேண்டாம். அப்படியென்றால் வேறு என்ன நடந்தது என்றும் எழுத வேண்டும். 1819இல் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ராஃபிள்ஸ் வந்த பிறகு இங்கே இறக்குமதிக்குச் சுங்கவரி வாங்கவில்லை. டச்சுத் துறைமுகங்களில் வரி கட்டிச் சலித்தவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் நீராவிக் கப்பல்கள் இந்த வழியே வரத் தொடங்கின. 1972இல், தென்கிழக்காசியாவில் வேறெங்கும் இல்லாதபோதே, தஞ்சோங் பகாரில் கொள்கலன் (கன்டெய்னர்) முனையம் வந்தது. தீவு நகரவில்லை, அதன் மதிப்புதான் ஏறிக்கொண்டே போனது.

அடுத்தது, எனக்குக் கோபமே வரும் தவறு: “1965இல் இது வெறும் மீன்பிடி கிராமம்.” அப்போதே இது நூறாண்டு கடந்த பெரிய துறைமுகம். செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் இருந்தது. நம் தாத்தாக்கள் கப்பல்துறையில் மூட்டை சுமந்தது மீன் பிடிக்கவா? ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984இல் தோண்டியபோது 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் துண்டுகளே கிடைத்தன.

புவியியல் என்றால் மாறாத வரைபடம் என்று நினைப்பதும் தவறு. ஒருநாள் தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். மலாயில் தெலுக் என்றால் குடா. 1828 முதல் 1830 வரை தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே நாகூர் தர்காவைக் கட்டியபோது எதிரே கடல்தான். கரையேறியவர்கள் நாலு எட்டு வைத்தால் நன்றி சொல்லிவிடலாம். இன்று அந்தக் குட்டி மினாராக்களைச் சுற்றி அலுவலகக் கோபுரங்கள். அலையைப் பார்க்க வெகுதூரம் நடக்க வேண்டும். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு, கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது சுமார் 735. அதற்காக ‘மனிதன் புவியியலை வென்றான்’ என்று முழங்கிவிடாதீர்கள். தூர்க்க மணல் வேண்டுமே! 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடை செய்தபோது விலை எகிறியது.

அப்புறம், சாதகத்தை மட்டும் பட்டியலிடுவது. தண்ணீரை விட்டுவிட்டு இந்நாட்டின் அரசியலை எழுத முடியாது. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம், 2061 வரை. இரு நாடுகளும் உரசும்போதெல்லாம் இந்தக் குழாய் பேச்சில் வந்துவிடும். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நியூவாட்டர், மழைநீரைத் தேக்க 2008இல் மரினா அணைக்கட்டு என்று கொட்டிய பணத்துக்கெல்லாம் காரணம், குழாய் மூடினால் என்ன செய்வது என்ற பயம்தான்.

‘வளம் இல்லாததால்தான் உழைத்தோம்’ என்பதையும் யோசித்து எழுதுங்கள். வளமில்லாமல் ஏழையாகவே இருக்கும் நாடுகள் ஏராளம்.

தஞ்சோங் பகார் முனையங்கள் இப்போது மேற்கே துவாஸுக்குப் போகின்றன. அங்கே புதிய துறைமுகத்துக்கான தரையில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்கு முன்புவரை கடல்.