வெங்காயத் தறைக்கு ட்ரைக்கோடெர்மா எரு

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்பாட்டு மண்ணில் வெங்காயத்தின் அடி அழுகலுக்குக் காரணம் பியூசேரியம் பூஞ்சணம். நோய் கண்டபின் மருந்தடிப்பதைவிட, நடுமுன்பே, நோய்ப் பூஞ்சணங்களை அடக்கும் நல்ல பூஞ்சணமான ட்ரைக்கோடெர்மாவை மண்ணில் குடியேற்றுவதே நல்லது.

நன்கு மக்கிய மாட்டெரு 100 கிலோவுக்கு ட்ரைக்கோடெர்மாத் தூள் 1 கிலோ. பொதியில் காலாவதித் திகதியைப் பாருங்கள்; இது உயிருள்ள சரக்கு. நிழலில் கலந்து தண்ணீர் தெளியுங்கள். கைப்பிடி எருவைப் பிழிந்தால் உருண்டையாக நிற்கவேண்டும், நீர் சொட்டக்கூடாது. ஈரச்சாக்கால் மூடி, மூன்று நாளுக்கொருமுறை புரட்டுங்கள். ஒரு வாரமளவில் வெள்ளை இழையும் பிறகு பச்சைப் பூப்பும் தெரியும்.

நாற்றமடித்தால் ஈரம் கூடிவிட்டது. பரப்பிக் காற்றாட விடுங்கள். குவியல் கைசுடுமளவுக்குக் கொதித்தால் எரு மக்கவில்லை என்று அர்த்தம். அந்தச் சூட்டில் ட்ரைக்கோடெர்மா செத்துவிடும். பச்சைச் சாணமும் புதுக் கோழியெருவும் இதனால்தான் ஆகாது.

தயாரான எருவைப் பின்னேரத்தில் பாத்தியில் தூவி, உடனே கொத்தி மூடி, தண்ணீர் கட்டுங்கள். வெயிலில் கிடந்தால் வீண். நடும் வெங்காயத்துக்கும் கிலோவுக்கு 4 கிராம் தூளைப் பிரட்டலாம்; ஆனால் அந்த வெங்காயத்தைப் பூஞ்சணக்கொல்லியில் நனைத்திருக்கக்கூடாது. மண்ணுக்குப் பூஞ்சணக்கொல்லி ஊற்றியிருந்தால் இரண்டு வாரம் பொறுங்கள்.

இது யூரியாவுக்கு மாற்றல்ல. ஆயினும் எருவின் தழைச்சத்தைக் கணக்கில் எடுத்து யூரியாவைக் குறையுங்கள்: மிஞ்சும் தழைச்சத்து நைத்திரேற்றாகிச் சுண்ணக்கல்லினூடாக நம் கிணறுகளுக்குத்தான் இறங்குகிறது.