நிஷாகந்தி வளர்க்க ஒரு துண்டு போதும்

இரவில் மலரும் நிஷாகந்தியை நர்சரியில் விலை கொடுத்து வாங்க வேண்டாம். ஏற்கெனவே பூத்த செடியிலிருந்து முற்றிய, தட்டையான துண்டு ஒன்றை ஒரு சாண் நீளத்துக்குக் கேட்டு வாங்கி, நிழலில் ஒரு வாரம் காயவிட்டு நடுங்கள். வெட்டும்போதே அடிப்பக்கத்தில் ஒரு நூலைக் கட்டிவிட்டால் தலைகீழாக நட்டுவிட மாட்டீர்கள்.

நாம் இலை என்று நினைக்கும் அந்தப் பட்டை உண்மையில் தண்டு. அதன் ஓரப் பள்ளங்களைக் கூர்ந்து பாருங்கள். மொட்டும் புதுத் தளிரும் அந்தக் கணுக்களிலிருந்துதான் கிளம்பும். முற்றிய தண்டிலிருந்து வந்த செடி, விதைச் செடியைவிட வெகு முன்னதாகவே பூத்துவிடும். வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொண்டால் அழுகலும் எளிதில் ஏறாது.

மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வாழும் கள்ளி இது. வேருக்குக் காற்று வேண்டும் என்பதால் வெறும் செம்மண் ஆகவே ஆகாது. சில்வர் ஓக் இலைமக்கு, தேங்காய் நார், உடைத்த கரி மூன்றும் கலந்த கலவையே சிறந்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்த இலைமக்குக்குப் பஞ்சமே இல்லை.

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை வலுத்திருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். துண்டு காய்வதற்குள் அழுகிவிடும். ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களும் ஆகாது, வெட்டவெளியில் வைத்த தண்டு கருகிப்போகும். உருண்டையாக நீளும் இளங்கொம்பை நட்டாலும் வேர் பிடிக்கும், ஆனால் பூவுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டும்.