படிக்க டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள்

புரூஃப் பார்ப்பது என் தொழில். வீடு கடலூரில், வேலை புதுச்சேரியில். பஸ்ஸிலும் சரி, வேலையிலும் சரி, நான் படிப்பது டேப்லெட்டில்தான். இது தெரிந்தவர்கள் யோசனை கேட்க வருவார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர் வாங்கி முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். என் முதல் டேப்லெட்டில் நான் எதில் கோட்டை விட்டேனோ, அதிலேயே அவர்களும் விட்டிருப்பார்கள்.

பட்ஜெட், வாரண்டி, சார்ஜர் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அதெல்லாம் எல்லோரும் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சறுக்குவது அளவில்தான்.

இன்ச்சை நம்பி வாங்குவது

அட்டைப்பெட்டியில் 8.7, 10.1, 11 என்று போட்டிருப்பது திரையின் மூலைக்கு மூலை அளவு. படிப்பவருக்கு வேண்டியது அகலம். பிடிஎஃப் என்பது பக்கத்தைப் படம் பிடித்து வைத்த மாதிரி. திரை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்குப் பக்கம் சுருங்கும், கூடவே எழுத்தும் சுருங்கும். ஒரே இன்ச்சில் ஒடிசலான திரையும் உண்டு, அகன்ற திரையும் உண்டு. பெட்டியில் இருக்கும் எண் இதைச் சொல்லாது.

சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 8.7 இன்ச். ஐபேட் மினி 8.3 இன்ச். எது அகலம் என்று கேட்டால் யாரும் முதலாவதைத்தான் சொல்வார்கள். ஏ9 திரை 1340 × 800 புள்ளிகள் (பிக்ஸல்). நிமிர்த்திப் பிடித்தால் அகலம் சுமார் 11.3 செ.மீ. மினியின் திரை 2266 × 1488. அதன் அகலம் சுமார் 11.6 செ.மீ. இன்ச் குறைவு, அகலம் கூடுதல். விலை வித்தியாசம் பெரிது என்பதால் மினியை வாங்கச் சொல்லவில்லை. பெட்டியில் இருக்கும் எண்ணை வைத்து இரண்டு திரைகளை ஒப்பிடவே முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு சுலபம். திரைப் புள்ளிகளில் பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.6 வந்தால் அது 16:10 வடிவம், வீடியோ பார்க்கத் தோதானது. இன்ச்சை 0.53-ஆல் பெருக்கினால் அகலம் கிடைக்கும். 1.5-க்குக் கிட்டத்தட்ட வந்தால் 0.55-ஆல் பெருக்க வேண்டும், 1.33 வந்தால் 0.6-ஆல். வருவதை 2.54-ஆல் பெருக்கினால் செ.மீ. கணக்கு. இதற்கும் பொறுமை இல்லையென்றால் கடையில் நேராக ஸ்கேலை வைத்து அளந்துவிடுங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி போட்டித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் புது டேப்லெட்டோடு வந்தாள். "அக்கா, பத்து இன்ச்சுக்கு மேலயே வாங்கிட்டேன். இனிமே கண்ணு வலிக்காதுல்ல?" என்றாள். 10.1 இன்ச், 16:10. அவளிடம் இருந்த குறிப்புகள் எல்லாம் ஏ4 பிடிஎஃப். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. அவள் திரையின் அகலம் 13.6 செ.மீ. பக்கம் 65 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. 11 பாயின்ட்டில் அடித்த எழுத்து 7 பாயின்ட்டாக நின்றது. அதே நேரம் திரையின் மேலும் கீழும் சேர்த்து இரண்டரை செ.மீ. கறுப்புப் பட்டை. காசு கொடுத்து வாங்கிய இடம் சும்மா கிடந்தது.

படுக்கைவசமாகத் திருப்பினாள். எழுத்து பெரிதானது, ஆனால் பக்கம் பாதிதான் தெரிந்தது. அட்டவணை வந்தால் தலைப்பு ஒரு திரையில், எண்கள் இன்னொரு திரையில். தள்ளித் தள்ளிப் படித்ததில் பாடம் மனதில் நிற்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. கடைசியில் பாதி விலைக்குத் தெரிந்தவர்களிடம் தள்ளிவிட்டாள். அவள் சம்பளத்துக்கு அது சின்ன நஷ்டம் இல்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இது. கடையில் "பெருசா வேணுமா, சின்னதா வேணுமா?" என்று கேட்கிறார்கள். என்ன படிக்கப் போகிறீர்கள் என்று கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி போதும், அவள் பணம் தப்பியிருக்கும்.

தமிழ் படிப்பவர்களுக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. நம் எழுத்தில் பொருளே ஒரு சுழியில் மாறும். கொடிக்கும் கோடிக்கும் வித்தியாசம் கொம்பின் தலையில் இருக்கும் சின்ன வளையம்தான். பழைய புத்தகத்தின் ஸ்கேனை 60 சதவீதத்துக்குச் சுருக்கினால் அந்த வளையம் மையோடு மையாக அடைந்துவிடும். மெய்யெழுத்தின் புள்ளி காகிதக் கறை மாதிரி தெரியும், இல்லையென்றால் தெரியவே தெரியாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான புத்தகம் என்றால் ணை, லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். கண்ணுக்குப் பழக்கமில்லாத வடிவம், அதுவும் பொடி எழுத்தில். நான்கு பக்கத்தில் தலை வலிக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. நாவல், கட்டுரை மட்டும் படிக்கிறவர் 11 இன்ச் வாங்கிச் சுமக்கிறார். நம் ஊரில் டெமி அளவில் வரும் புத்தகத்தின் அகலம் சுமார் 14 செ.மீ. நான்கு பக்கமும் ஓரத்தை விட்டால் எழுத்துப் பகுதி பெரும்பாலும் 11 செ.மீ.க்குள் அடங்கிவிடும். ஓரத்தை வெட்டிக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் எட்டரை இன்ச் திரையிலேயே அச்சுப் புத்தகத்தின் எழுத்து அளவு வந்துவிடும். கேஓரீடர் அப்படி ஒரு இலவசச் செயலி. ஏ4 பிடிஎஃப்புக்கும் இது உதவும். இரு பக்கமும் இரண்டரை செ.மீ. ஓரம் விட்ட தாள் என்றால் வெட்டிய பிறகு மிஞ்சுவது 16 செ.மீ. 11 இன்ச் 16:10 திரையின் அகலம் 14.8 செ.மீ. 70 சதவீதமாக இருந்தது 92 ஆகிவிடும்.

ஆக, வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று. நீங்கள் அதிகம் படிக்கும் பிடிஎஃப்பில் இரண்டு பக்கத்தை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுங்கள். 55 சதவீதத்தில் ஒரு நகல், 65-இல் ஒன்று, 75-இல் ஒன்று கேளுங்கள். ஏ4 என்றால் முதலாவது எட்டரை இன்ச் திரை, இரண்டாவது 10.1 இன்ச் 16:10, மூன்றாவது 10.9 இன்ச் ஐபேட். ராத்திரி வீட்டு விளக்கில் உட்கார்ந்து மூன்றையும் படித்துப் பாருங்கள். செலவு ஒரு டீ காசு.

இபப் படிப்பவர் பிடிஎஃப்புக்குப் பயப்படுவது

இபப் (EPUB) என்ற மின்புத்தகக் கோப்பில் எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கலாம், வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். அதை மட்டும் படிப்பவருக்கு மேலே சொன்ன கணக்கு எதுவும் தேவையில்லை, 7 இன்ச் போதும். ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை இபப், ஏ4 பிடிஎஃப், 6 இன்ச் பிடிஎஃப் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். 6 இன்ச் கோப்பு இருக்கும்போது ஏ4-ஐ இறக்கிவிட்டுத் திரையைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கடை மேசையில் கனம் பார்ப்பது

கடையில் உறை இல்லாமல், இரண்டு கையாலும், நின்ற இடத்தில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால் எதுவும் கனக்காது. கடலூர் பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும். கன்னியகோயில் தாண்டிக் கிருமாம்பாக்கத்தில் கூட்டம் ஏறும்போது மற்ற கையில் இருப்பது கனக்க ஆரம்பிக்கும். அரியாங்குப்பம் வருவதற்குள் மணிக்கட்டு கெஞ்சும். டேப் ஏ9 332 கிராம், ஐபேட் மினி 293, 11 இன்ச் ஏ9 பிளஸ் 480. இது உறை இல்லாத கணக்கு. தெரிந்த பையன் ஒருவன் ஸ்டாண்டு வைத்த உறை போட்ட 11 இன்ச்சைத் தூக்க முடியவில்லை என்றான். மளிகைக் கடைத் தராசில் வைத்தோம். 760 கிராம். உறையை மாற்றினான், சரியாகிவிட்டது.

தினமும் நின்றுகொண்டு போகிறவர் உறையோடு சேர்த்து 450 கிராமைத் தாண்ட வேண்டாம் என்பது என் கணக்கு. உட்கார இடம் கிடைக்கும் ரயில்காரர்களுக்கு இது பொருந்தாது.

ரெண்டுக்கும் நடுவில் ஒன்று

பஸ்ஸுக்கும் வேண்டும், வீட்டில் ஏ4 படிக்கவும் வேண்டும், அதனால் நடுவாக ஒரு 10 இன்ச் என்கிறார்கள். இரண்டில் எது அதிக நேரம் என்று பார்த்து அதற்கு மட்டும் வாங்குங்கள்.

கடற்கரையில் படிக்க வாங்குவது

தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ பகல் வெளிச்சத்தில் டேப்லெட் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். வெயிலில் படிப்பதுதான் முக்கியம் என்றால் கிண்டில் மாதிரி, காகிதம் போலத் தெரியும் இ-இங்க் திரைக் கருவிதான் சரி. மேட் கண்ணாடி ஒட்டினால் பளபளப்பு குறையும், ஆனால் எழுத்தின் மேல் பொடிமணல் தூவிய மாதிரி ஆகிவிடும். பொடி எழுத்து படிப்பவர்கள் ஒட்டவே வேண்டாம்.

சிம் போடும் மாடல்

போனில் ஹாட்ஸ்பாட் இருக்கிறது. வேண்டாம்.

ஸ்டோரேஜ்

படிக்க மட்டும் என்றால் 64 ஜிபி தாராளம். மிச்சப் பணத்தைத் திரையில் போடுங்கள்.