ரோல் கேஜ் குழாய் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணங்களில், செம்பனைக் காட்டின் சேற்றுப் பாதைகளுக்காக ஃபோர்வீல் வண்டியைத் தயார்செய்பவர்கள், ரோல் கேஜுக்கு (வண்டி உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் குழாய்க் கூண்டு) இரும்பு தேடி முதலில் செல்வது பக்கத்து ஹார்ட்வேர் கடைக்குத்தான். அங்கே வெறுமனே ‘ஒன்றரை இஞ்சு’ என்று கேட்பது முதல் தவறு. ஒன்றரை இஞ்சு தண்ணீர்க் குழாயின் வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், அதே அளவு சொல்லி விற்கப்படும் ட்யூப்பின் வெளிவிட்டம் 38.1 மில்லிமீட்டர். ஒன்றுக்கென வார்த்த வளைப்பு அச்சில் மற்றொன்று பொருந்தாது.

சுவர்த் தடிப்பைக் கண்ணால் மதிப்பிடுவது இதைவிட ஆபத்தானது. அறுத்த முனையில் பிசிறு நிற்பதால் தடிப்பு கூடுதலாகத் தெரியும். பிசிறை அரத்தால் நீக்கிவிட்டு, வெர்னியரால் நான்கைந்து இடங்களில் அளக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் தராசில் வைக்கலாம். வெளிவிட்டத்திலிருந்து தடிப்பைக் கழித்து, விடையைத் தடிப்பாலும் 0.02466 ஆலும் பெருக்கினால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட ஆறு மீட்டர்க் குழாய் ஏறக்குறைய 15.7 கிலோ இருக்கும், 12.7 கிலோதான் காட்டினால் தடிப்பு 2 மில்லிமீட்டர். முன் இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்கு, பன்னாட்டு மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகள் கேட்பது 45க்கு 2.5 அல்லது 50க்கு 2 என்ற அளவில், குளிர்நிலையில் இழுக்கப்பட்ட, தையலற்ற (நீளவாக்கில் பற்றவைத்த இணைப்பு இல்லாத) குழாய்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய ஜிஐ குழாயை வாங்கக் கூடாது. இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே, 907 டிகிரி செல்சியஸில், துத்தநாகம் கொதித்து ஆவியாகிவிடுவதால் வெல்டிங்கில் துளைகள் விழும். அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரக்கூடும். தகட்டைச் சுருட்டி மின்சாரத்தால் பற்றவைத்த இஆர்டபிள்யூ குழாய் தாழ்வானதன்று, ஆனால் அதற்குத் தையல் உண்டு; முனைக்குள் விரலை விட்டுத் தடவினால் பெரும்பாலும் தட்டுப்படும். வளைக்கும்போது அந்தத் தையல் வளைவின் வெளிப்பக்கத்திலோ உட்பக்கத்திலோ வராமல் பக்கவாட்டில் இருக்க வேண்டும்.

குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகான குரோமோலிக்கு ஆசைப்படுவோரும் உண்டு. அதன் வலிமை அதிகம். விறைப்பு சாதாரண எஃகின் அளவுதான். டிக் (TIG) வெல்டிங்கில் தேர்ந்த கை இல்லாத பட்டறைக்கு அது வீண்செலவு என்பது என் கருத்து.

வரைபடம் போடாமல் நீளத்தைக் குத்துமதிப்பாக வாங்குவோர், கடைசியில் துண்டுகளை ஒட்டவைக்க நேரிடும். முதன்மை வளைவு ஒரே குழாயாக இருக்க வேண்டும் என்பதால், ஒரு முழு நீளத்தை அதற்கென ஒதுக்கி, மிச்சத்தில் அந்த வளைவைத் தாங்கும் சாய்வுத் தாங்கிகளை வெட்டிக்கொள்ளலாம். சாலையில் ஓடும் வண்டியானால், காசு கொடுக்கும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் ஒப்புதல் பற்றி விசாரித்துக்கொள்வது நல்லது.