ஒரே பாட்டு, ஐந்து அணி: கிரேட்ஃபுல் டெட்டின் பிற்காலத்தை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட்டைக் கேட்கிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பத்தாவது நிமிடத்தில் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கும். குழுவின் லீட் கிட்டார்காரர் ஜெர்ரி கார்சியாவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்தவர்களில் யார் உசத்தி? ஒருவர் ஜான் மேயர் என்பார், இன்னொருவர் வாரன் ஹெய்ன்ஸ் என்பார், மூன்றாமவர் 1995-க்குப் பிறகு எதுவுமே கணக்கில் வராது என்று எழுந்து போய்விடுவார். மூவரும் வேறு வேறு பாட்டை, வேறு வேறு பதிவில், வேறு வேறு சத்தத்தில் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். பிறகு எப்படித் தீரும்? எல்லோரும் ஒரே பாட்டை ஒரே அறையில் ஒரே அளவில் கேட்டால் பாதி வாக்குவாதம் தானாக அடங்கிவிடும். மீதிப் பாதிதான் பேசத் தகுந்தது.

முதலில் ஒரு சார்ட் பேப்பரில் ஆட்களை எழுதி ஒட்டுங்கள். லீட் கிட்டார், பேஸ், கீபோர்டு, டிரம்ஸ் என்று நாலு கட்டம் போதும். கார்சியா இறந்தது 1995 ஆகஸ்ட் 9. 1998-இல் 'தி அதர் ஒன்ஸ்' என்ற பெயரில் குழுவின் பழைய ஆட்கள் பாப் வியர் (ரிதம் கிட்டார்), ஃபில் லெஷ் (பேஸ்), மிக்கி ஹார்ட் (டிரம்ஸ்) மூவரும் சேர்ந்தார்கள். லீடுக்கு மார்க் கரன், ஸ்டீவ் கிமாக். 2002-இல் இன்னொரு டிரம்ஸ்காரர் பில் க்ரூட்ஸ்மனும் இருக்க, மூல ஆட்கள் நால்வரும் ஒரே மேடைக்கு வந்தார்கள். லீடு ஜிம்மி ஹெர்ரிங். 2003-இல் பெயர் 'தி டெட்' என்று மாறியது. 2004-இல் ஹெர்ரிங்கோடு ஹெய்ன்ஸும், 2009-இல் ஹெய்ன்ஸ் மட்டும். இதற்கு இணையாக லெஷ் தனியாக 'ஃபில் லெஷ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நடத்தினார். அதில் ஹெய்ன்ஸ், ஹெர்ரிங், ராப் பராக்கோ, ஜான் மோலோ சேர்ந்திருந்த 2000-க்குப் பிந்தைய ஐவர் அணியை ரசிகர்கள் 'குவின்டெட்' என்கிறார்கள். 2009 முதல் 2014 வரை 'ஃபர்தர்': லெஷ், வியர், லீடுக்கு ஜான் கட்லெசிக், டிரம்ஸுக்கு ஜோ ருஸ்ஸோ. 2015 கோடையில் ஐம்பதாம் ஆண்டு விடைபெறும் நிகழ்ச்சிகளில் லீடு ட்ரே அனாஸ்டாசியோ. அதே ஆண்டு அக்டோபரில் 'டெட் அண்ட் கம்பெனி' தொடங்கியது: மேயர், பேஸில் ஓட்டீல் பர்பிரிட்ஜ், டிரம்ஸில் ஹார்ட்டும் க்ரூட்ஸ்மனும். 2023 சுற்றுப்பயணத்தில் க்ரூட்ஸ்மன் இடத்தில் ஜே லேன்.

எழுதி முடித்ததும் கீபோர்டு கட்டத்தைப் பாருங்கள். 2002 அதர் ஒன்ஸ், தி டெட், ஃபர்தர், 2015, டெட் அண்ட் கம்பெனி என்று எல்லாவற்றிலும் ஜெஃப் சிமென்டி. லீடு கட்டத்தில்தான் ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது, எல்லோருடைய கண்ணும் அங்கேதான் இருக்கிறது. கூட்டத்தில் யாரும் வாய் திறக்காத பெயர் அந்தக் கீபோர்டுக்காரருடையது.

பாட்டும் பதிவும்

'ஸ்கார்லெட் பிகோனியாஸ்', அதிலிருந்து நிற்காமல் 'ஃபயர் ஆன் த மவுண்டன்'. இந்த ஜோடியை எடுங்கள். எல்லா அணியும் வாசித்திருக்கிறது, எளிதில் கிடைக்கும். இரண்டுமே பி ஸ்ருதியில், அதாவது நம் கணக்கில் 7 கட்டையில் நிற்பவை. 'ஃபயர்' வெறும் இரண்டே கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு), பி-யும் ஏ-யும் மாறி மாறி. கர்நாடக சங்கீதம் பழகியவர்களுக்கு இது ஹரிகாம்போஜியின் சுரங்கள்; அந்த ஏ, கைசிகி நிஷாதம். கார்டு இவ்வளவு சொற்பமாக இருப்பதால் வாசிப்பவர் ஒளிந்துகொள்ள இடமில்லை. 'டார்க் ஸ்டார்' மாதிரி திறந்த வெளிப் பாட்டை முதல் கூட்டத்துக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொரு அணியும் அதை ஒவ்வொரு திசைக்குக் கொண்டு போகும், ஒப்பிட அளவுகோலே மிஞ்சாது.

ஐந்து பதிவுகள் தேவை. அடிப்படை அளவுக்கு 1977 மே 8, கார்னெல் பல்கலைக்கழக பார்ட்டன் ஹால்; 2017-இல் அதிகாரபூர்வமாக வெளிவந்தது, இரண்டாம் செட்டின் தொடக்கத்தில் இந்த ஜோடி வரும், சுமார் 25 நிமிடம். (நம்மூரில் ஜமாப் செட்டு என்றால் குழுவையே சொல்கிறோம், இங்கே செட் என்றால் நிகழ்ச்சியின் பாதி. புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) அடுத்து குவின்டெட், ஃபர்தர் இரண்டிலும் ஒவ்வொன்று. நான்காவது 2015 ஜூலை 3, சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட். ஐந்தாவது டெட் அண்ட் கம்பெனி. நேரம் இருந்தால் இந்த ஐந்தாவதை மட்டும் இரண்டாகப் பிரித்து, 2022-க்கு முந்தைய ஒன்றும் 2023-இல் ஒன்றும் எடுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

செட்லிஸ்ட்டை (அன்று வாசித்த பாட்டுகளின் வரிசைப் பட்டியல்) தேடும்போது இரண்டு பாட்டுக்கும் நடுவே அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் நிற்காமல் போனதற்கு அடையாளம். குவின்டெட் இந்த விஷயத்தில் குறும்புக்கார அணி. நடுவில் வேறு பாட்டைச் செருகிவிட்டு வரும். அப்படிப்பட்ட பதிவு ரசிக்க அருமை, ஒப்பிட உதவாது.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணையக் காப்பகத்தில் மூன்று வகைப் பதிவு கிடைக்கும். சவுண்ட்போர்டு என்றால் மிக்ஸரிலிருந்து நேராக எடுத்தது; பாட்டுக்குரல் தூக்கலாக, கூட்டச் சத்தம் இல்லாமல் இருக்கும். ஆடியன்ஸ் என்றால் கூட்டத்துக்குள் மைக் நிறுத்தி எடுத்தது. மேட்ரிக்ஸ் இரண்டையும் கலந்தது. கிரேட்ஃபுல் டெட்டின் சவுண்ட்போர்டு பதிவுகளை அங்கே கேட்க மட்டும்தான் முடியும். ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். டெட் அண்ட் கம்பெனிக்கு நக்ஸ் தளத்தின் கட்டணப் பதிவுதான் நல்லது. யூடியூபில் கிடைக்கும் கைபேசி வீடியோ வேண்டவே வேண்டாம். கைபேசி சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கிவிடுவதால், மெதுவாகத் தொடங்கி மேலே ஏறும் வாசிப்பெல்லாம் தட்டையாகிவிடும். ஒரு முழு நிகழ்ச்சி, தரம் குறையாத ஃப்ளாக் கோப்பாக ஏறத்தாழ 1 ஜிபி வரும், எம்பி3 என்றால் 300 எம்பிக்குள். கூட்டத்தன்று இணையத்தை நம்பாமல் முந்தின நாளே இறக்கி வைக்க முடிந்ததை இறக்கி வைத்துவிடுங்கள்.

கேட்பதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை

பழைய கேசட்டிலிருந்து மாற்றிய பதிவுகள் பல, வேகம் கூடியோ குறைந்தோ ஓடும். ஸ்ருதிப்பெட்டி ஆப்பை 7 கட்டையில் வைத்து, 'ஃபயர்' ஓடும்போது கூடவே ஒலிக்க விடுங்கள். ஒட்டினால் சரி. 7-க்கும் மேல் 1-க்கும் நடுவே தொங்கினால் அந்த டேப் சுமார் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது (ஒரு அரை சுரம் என்பது சுமார் 6 சதவீதம்). காதுக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் நிமிடத்துக்கு 100 தட்டு போகிற பாட்டு 103 ஆகிவிடும், "பழசுதான் விறுவிறுப்பு" என்று ஒருவர் அதை வைத்தே வாதாடுவார். ஃபூபார் போன்ற பிளேயரில் வேகத்தைத் திருத்தலாம், இல்லாவிட்டால் அந்தப் பதிவை விட்டுவிடுங்கள்.

அடுத்தது சத்தம். இரண்டு பதிவில் ஒன்று 1 டெசிபல் கூட இருந்தாலும் அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். கைபேசியில் டெசிபல் ஆப் போட்டு, எல்லோரும் உட்காரும் இடத்தின் நடுவில் வைத்து, ஐந்து பதிவையும் ஒரே பகுதியில், டிரம்ஸ் முழுதாக ஓடும் இடத்தில் அளந்து 75-இலிருந்து 80-க்குள் ஒரே எண்ணுக்குக் கொண்டு வாருங்கள். ஆப் சரியான எண்ணைக் காட்டாவிட்டாலும் பரவாயில்லை. ஐந்துக்கும் ஒரே கைபேசி, ஒரே இடம் என்றால் போதும்.

பிளேயர், கோப்புக்கும் கோப்புக்கும் நடுவே இடைவெளி விடாததாக இருக்க வேண்டும். அரை நொடி விட்டாலும் ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் செத்துப்போகும், நாம் கேட்க உட்கார்ந்ததே அதற்குத்தான். எம்பி3 கோப்புகளில் இந்தத் தொல்லை அதிகம்.

மொட்டை மாடி ஆசையாகத்தான் இருக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று பொள்ளாச்சியிலும் கோவையிலும் பேஸை அடித்துக்கொண்டு போய்விடும். சுவரில்லாத இடத்தில் கீழ்ச்சத்தம் எப்படியும் நிற்காது. ஹாலில் நடத்துங்கள். சோமனூர், பல்லடம் பக்கம் வீட்டுக்குப் பக்கத்தில் தறி ஓடினால், தறி நிற்கிற நாளாகப் பாருங்கள். தறியின் தாளம் சீரானது, காது அதைப் பிடித்துக்கொண்டால் டிரம்ஸ் எங்கே தள்ளி விழுகிறது என்பது கேட்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலையில் தொடங்கிப் பொழுதோட வரைக்கும் போகும், பேப்பரில் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் மட்டும் என்றால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும்.

கேட்கும் முறை

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அணியின் பெயரைச் சொல்லாமல் போடுங்கள். முழுப் பாட்டையும் போட்டால் வியரின் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் முதல் சுற்றில் 'ஸ்கார்லெட்' கடைசிச் சரணம் முடிந்த இடத்திலிருந்து 'ஃபயர்' முதல் வரி தொடங்கும் வரை மட்டும். இப்படி வெட்டினால் ஐந்தும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டாம் சுற்றில் பெயரைச் சொல்லிவிட்டு முழுசாகக் கேட்கலாம். அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் சந்தகைக்கோ டீக்கோ ஒரு இடைவேளை.

ஆளுக்கு ஒரு தாளில் நாலே கேள்வி. 15 நொடியில் எத்தனை தட்டு (நாலால் பெருக்கினால் நிமிடக் கணக்கு)? 'ஃபயர்' வருகிறது என்று முதலில் காட்டிக்கொடுத்தது யார்? அது எத்தனையாவது நிமிடம்? லீடு கிட்டார் பேசும்போது மற்றவர்கள் பதில் சொல்கிறார்களா, பின்னால் தாளம் மட்டும் போடுகிறார்களா?

இரண்டாவது கேள்விதான் முக்கியம். லெஷ் பேஸை அடித்தளமாக வாசிப்பவர் அல்ல. கிட்டாரோடு இன்னொரு குரலாகப் பேசுவார். 'ஸ்கார்லெட்' இன்னும் முடியாமல் இருக்கும்போதே 'ஃபயர்' பேஸ் வரியின் ஒரு துண்டைப் போட்டுப் பார்த்து, மற்றவர்கள் எடுக்காவிட்டால் பின்வாங்கி, மறுபடி போடுகிற மாதிரியான விளையாட்டு அவர் இருக்கும் அணிகளில்தான் காதில் விழும். ஓட்டீல் வாசிப்பில் அடி உறுதி, தட்டு தவறாது, மேலே இருப்பவர்கள் சாய்ந்துகொள்ளலாம். இரண்டும் நல்ல வாசிப்புத்தான். ஆனால் பாட்டின் போக்கை மாற்றுவது லீடு கிட்டாரை விட இந்த வித்தியாசமே. ஆகவே 'கார்சியாவின் நாற்காலியில் யார்' என்பதற்கு முன்னால் 'லெஷ் இருக்கிறாரா இல்லையா' என்று அணிகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பேச்சு தெளியும். லெஷ் 2024 அக்டோபர் 25-இல் இறந்தார். இனி அந்தப் பக்கம் பதிவுகளில் மட்டும்தான்.

லீடு வாசிப்பவர்களை அடையாளம் காண ஒரு குறிப்பு. 1977-இல் 'ஃபயர்' தொடங்கியதும் கார்சியாவின் கிட்டார் வாய் திறந்து மூடுகிற மாதிரி 'வவ், வவ்' என்று பேசும். அது மியூட்ரான் என்ற ஃபில்டர் பெடல். அழுத்தி மீட்டினால் வாய் அகலமாகத் திறக்கும், மெல்ல மீட்டினால் கொஞ்சமாக. கட்லெசிக் அந்த ஒலிக்கு மிக அருகில் போவார். ஃபர்தருக்கு முன் பழைய நிகழ்ச்சிகளை அப்படியே திரும்ப வாசிக்கும் டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தவர். ஹெய்ன்ஸ் தடித்த ஒலி, ஸ்லைடு (விரலில் குழாய் மாட்டிக் கம்பி மேல் வழுக்குவது). ஹெர்ரிங் வேகம், சுரங்களுக்கு நடுவே உள்ள சுரங்களையும் தொட்டுப் போவார். அனாஸ்டாசியோ ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நீட்டுவார். மேயர் ப்ளூஸ்காரர், கம்பியை இழுத்து வளைத்து அழவைப்பார்.

பேச்சு தடம் புரளும் இடங்கள்

டெட் அண்ட் கம்பெனியை 'டெட் அண்ட் ஸ்லோ' என்று கிண்டலடிப்பது அமெரிக்காவிலும் உண்டு. தட்டுக் கணக்கு கையில் இருந்தால் கிண்டலில் எவ்வளவு உண்மை என்று தெரிந்துவிடும். ஆனால் பழியை மேயர் மேல் போடாதீர்கள். வேகத்தைப் பிடித்து வைப்பது டிரம்ஸும் வியரின் ரிதம் கிட்டாரும். 2023 பதிவை எடுக்கச் சொன்னது இதற்குத்தான்: ஆறு பேரில் டிரம்ஸில் ஒரே ஒரு ஆள் மாறினார். அதே மேயர் இருக்க, தட்டு எப்படி மாறுகிறது என்று உங்கள் தாளில் பாருங்கள்.

1977-இன் ஆகச் சிறந்த இரவுகளில் ஒன்றை எடுத்து, 2010-இன் ஏதோ ஒரு சாதாரண இரவோடு மோத விடுவதும் அடிக்கடி நடக்கிறது. கார்னெல் அடிப்படை அளவு மட்டுமே, போட்டியாளர் இல்லை. கார்சியா காலத்தின் கடைசி வருடங்களில் அவர் உடல்நிலை சரியில்லாத இரவுகளையும் ஒருமுறை கேட்டால், 'பழசெல்லாம் பொன்' என்ற பேச்சு குறையும். அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடும் வாத்தியார் மாறினால் கதை மாறுவதில்லை, இரவு மாறும். அந்தக் காது நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது.

2015 சிகாகோ பதிவைப் போடும்போது ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கார்சியா வாசித்த கடைசி நிகழ்ச்சி 1995 ஜூலை 9, அதே சோல்ஜர் ஃபீல்டில். அன்று கடைசியாக வாசித்த பாட்டு 'பாக்ஸ் ஆஃப் ரெயின்'. இருபது வருடம் கழித்து ஜூலை 3 அன்று அங்கே அந்தப் பாட்டில்தான் தொடங்கினார்கள். தெரியாமல் கேட்டால், அந்த நிகழ்ச்சியின் ஆரம்பத்தில் கூட்டம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று புரியாது.

இவர்கள் விட்டுச் சென்றது என்ன என்று பேச்சு திரும்பினால் மூன்று கிளை போதும். 1984 முதல் டேப் எடுப்பவர்களுக்கென்றே டிக்கெட்டுடன் தனி இடம் ஒதுக்கியது. நாம் இன்று ஐந்து பதிவை வைத்து உட்கார முடிவதற்கு வேர் அந்த டேப்பர்கள்தான். இரண்டாவது, ருஸ்ஸோ 2013-இல் தொடங்கிய ஆல்மோஸ்ட் டெட் மாதிரி, மூல ஆட்கள் ஒருவர்கூட இல்லாமல் பாட்டை மேலே கொண்டு போகும் அணிகள். மூன்றாவது நமக்கு நெருக்கமானது: ஹார்ட் 1991-இல் வெளியிட்ட பிளானட் டிரம் ஆல்பத்தில் ஜாகிர் ஹுசேனுடன் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். உலக இசை ஆல்பத்துக்கான முதல் கிராமி அதற்குத்தான் கிடைத்தது.

நேரலை ஒளிபரப்பு ஏதாவது வந்தால் நேரக் கணக்கு: கலிபோர்னியாவில் கோடைகாலத்தில் இரவு 7 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 7.30. குளிர்காலத்தில் 8.30. அங்கே சனிக்கிழமை ராத்திரி நடப்பது நமக்கு ஞாயிறு வெள்ளென, லீவு போடத் தேவையில்லை.

அடுத்த கூட்டத்துக்கு 'ப்ளேயிங் இன் த பேண்ட்' எடுங்கள். அதன் மூல வரி பத்துத் தட்டு. கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டு, நடு ஜாமில் (திட்டமில்லாமல் சேர்ந்து வாசிக்கும் பகுதி) அந்தப் பத்து எங்கே கரைகிறது, எந்த அணி அதை எத்தனையாவது நிமிடத்தில் திரும்பக் கண்டுபிடிக்கிறது என்று அதே தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.